வேலியிலும் அடுக்களையிலும் கிடைக்கும் கூந்தற் பொருள்கள்

தென்னாட்டுக் குடியானவர் இல்லங்களில் வாரம் ஒரு முறையேனும் எண்ணெய் தேய்த்துத் தலை முழுகுவது நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கம். அதற்கு வேண்டிய எண்ணெய் சொந்தக் கொப்பரையிலிருந்தும் எள்ளிலிருந்தும் கிடைத்தது. தேய்த்துக் குளிக்கும் தூள் வேலியோரத்து மரஞ்செடிகளிலிருந்து கிடைத்தது. கரைக்கும் கஞ்சி அடுக்களையிலேயே இருந்தது. 1980-களில் சிறு பொட்டலங்களில் அடைத்த ஷாம்பு கிராமக் கடைகளுக்கு வந்தது முதல் இவ்வழக்கம் பல வீடுகளில் தளர்ந்துபோயிற்று. இப்போது வீட்டுப் பக்குவங்களில் மறுபடியும் பலருக்கு விருப்பம் உண்டாகியிருக்கிறது. ஆயினும் அவற்றுள் எவை உண்மையில் பயன் தருவன, எவை வீண் செலவு, எவை உயிருக்கே கேடு செய்வன என்னும் பகுத்தறிவு பரவவில்லை. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முடியின் இயல்பு

பயிரின் இயல்பை அறியாமல் உரமிடுவது எப்படி வீணோ, அப்படியே முடியின் இயல்பை அறியாமல் பக்குவம் செய்வதும் வீணாகும். தலைமுடி கெராட்டின் என்னும் புரதப்பொருளால் ஆகியது. தோலுக்குள் இருக்கும் வேர்ப்பகுதி ஒன்றே உயிருள்ளது; வெளியே தெரியும் இழை உயிரற்றது. வேரில் உண்டாகும் வளர்ச்சியினால் இழை மாதம் ஒன்றுக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் நீளுகிறது. சாதாரணமாக ஒருவர் தலையில் ஒரு லட்சம் முடிகள் வரையில் இருக்கும். அவற்றில் நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயற்கையே. அதைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

இழையின் மேற்புறம் கூரையில் ஓடு வேய்ந்தாற்போல நுண்ணிய செதில்களால் மூடப்பட்டிருக்கிறது. செதில்கள் படிந்து கிடந்தால் முடி வழுவழுப்பாகவும் பளபளப்பாகவும் இருக்கும். அவை எழும்பி நின்றால் முடி சிக்குண்டு முறியும். எனவே வெளியே பூசும் பொருள் செய்யக்கூடியவை மூன்றே. அழுக்கை நீக்கலாம், செதில்களைப் படியவைக்கலாம், இழை உராய்ந்து தேயாமல் காக்கலாம். உயிரற்ற இழைக்கு உணவூட்ட எந்தப் பூச்சாலும் இயலாது.

வேருக்கு வேண்டிய உணவு இரத்தத்தின் வழியாகவே சேருகிறது. ஆகையால் புரதமும் இரும்புச்சத்தும் உள்ள பயறு, முட்டை, கீரை, கேழ்வரகு முதலியவற்றை உண்பதே முடி வளத்திற்கு அடிப்படை. வீட்டில் ஒரே முட்டை இருக்குமாயின் அதைத் தலையில் பூசுவதைவிடக் குழந்தைக்கு உண்ணக் கொடுப்பதே சிறந்தது.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியையும் அறிந்திருத்தல் நலம். கடுமையான காய்ச்சலுக்குப் பின்னும் பிரசவத்துக்குப் பின்னும் இரண்டு மூன்று மாதங்கள் கழித்து முடி மிகுதியாக உதிரும். சில மாதங்களில் அது தானாகவே நின்று மறுபடியும் முளைக்கும். உதிரத் தொடங்கியபோது ஏதேனும் ஓர் எண்ணெயைத் தடவியவர்கள், உதிர்வு நின்றதும் அவ்வெண்ணெயினாலேயே நின்றதென்று நம்பிவிடுகிறார்கள். மழை வருகிற வாரத்தில் பயிருக்கு ஏதோ ஒரு மருந்தைத் தெளித்துவிட்டு, பயிர் தழைத்தது மருந்தினால் என்பதைப் போன்றதே இது. விலை உயர்ந்த பல தைலங்களின் புகழ் இவ்வாறு வந்ததே.

அழுக்கு நீக்கும் பொருள்கள்

சிகைக்காய், பூந்திக்கொட்டை, உசிலை இலை ஆகிய மூன்றிலும் சபோனின் என்னும் நுரைக்கும் பொருள் இருக்கிறது. எண்ணெய்ப் பசையையும் அழுக்கையும் தண்ணீருடன் சேர்த்துக் கழுவிவிடும் ஆற்றல் இதற்கு உண்டு. சாதாரண சவர்க்காரத்தைவிட இவை தலைக்கு உகந்தவை என்பதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. சவர்க்காரம் காரத்தன்மை உடையது. அது முடியின் செதில்களை எழுப்பிவிடுகிறது. மேலும் நம் நாட்டுக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் சுண்ணாம்பும் மக்னீசியமும் கலந்த கடினநீர். அதில் சவர்க்காரம் நுரைக்காமல், பிசுபிசுப்பான வெண்மையான கசடாகத் திரிந்து முடியில் ஒட்டிக்கொள்கிறது. சிகைக்காய்க் கரைசல் சிறிது புளிப்புத்தன்மை உடையது. கடினநீரிலும் அத்தகைய கசடு உண்டாவதில்லை.

சிகைக்காய்த் தூள் செய்யும் முறை வருமாறு:

சிகைக்காய் 1 கிலோ
பச்சைப்பயறு 250 கிராம்
வெந்தயம் 100 கிராம்
விதை நீக்கிய பூந்திக்கொட்டைத் தோல் 100 கிராம்
உலர்ந்த செம்பருத்தி இலை 50 கிராம்
உலர்ந்த எலுமிச்சைத் தோல் 50 கிராம்
மணத்துக்குப் பூலாங்கிழங்கும் வெட்டிவேரும் சிறிதளவு

சிகைக்காயை விதை நீக்கி, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில், ஒடித்தால் சடக்கென்று ஒடியும்வரை காயவைக்க வேண்டும். இலைகளை நிழலில் உலர்த்துதல் வேண்டும். ஈரம் சிறிதேனும் எஞ்சினால் தூள் கட்டிப் பிடித்துப் பூசணம் பூக்கும். அரைவை ஆலைக்குக் கொண்டுபோகும்போது, அதற்குமுன் மிளகாய் அரைத்த யந்திரத்தில் போடாதிருத்தல் அவசியம்; அவ்வாறு அரைத்த தூள் கண்ணுக்கும் தலைக்கும் படுத்தும் வேதனையை அனுபவித்தவர் மறவார். அரைத்து ஆறவிட்டுச் சலித்து, ஈரம் புகாத பாத்திரத்தில் மூடி வைக்கலாம். பயறு சேர்ந்திருப்பதனால் நாளடைவில் வண்டு விழக்கூடும். ஆதலின் மூன்று மாதத்துக்கு வேண்டியதை மட்டும் ஒரு முறையில் அரைத்துக்கொள்வது உத்தமம்.

உபயோகிக்கும்போது இரண்டு மூன்று கரண்டித் தூளைச் சோறு வடித்த வெதுவெதுப்பான கஞ்சியில் குழைத்துக் கால் மணி நேரம் ஊறவிட வேண்டும். கஞ்சியிலுள்ள மாவுப்பொருள் தூளைத் தலையில் பரவலாகப் படியச் செய்வதோடு, முடி இழைகளின் மேல் மெல்லிய படலமாக நின்று அவற்றுக்குச் சற்று விறைப்பும் தருகிறது. தேய்க்கும்போது கண்களை இறுக மூடிக்கொள்ள வேண்டும். சபோனின் கண்ணுக்குக் கடும் எரிச்சல் தருவது. பட்டுவிட்டால் கண்ணைக் கசக்காமல் தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவுதல் வேண்டும். தலையில் தூளின் துகள்கள் தங்காதபடி நன்றாக அலசுவதும் முக்கியம்.

கொங்குநாட்டில் சிகைக்காய்க்குப் பதிலாக அரப்புத் தூள் பெருவழக்காக இருக்கிறது. இது உசிலை மரத்தின் இலையை நிழலில் உலர்த்தி இடித்துச் சலித்ததேயாம். உசிலை வறட்சியைத் தாங்கும் மரம், கல்லாங்காட்டிலும் வளரும். இதன் தழை ஆடுகளுக்குத் தீவனமாகவும் வயலுக்குத் தழையுரமாகவும் உதவுவது. மானாவாரி நிலத்தின் ஓரங்களில் சில உசிலை மரங்களை விட்டு வைத்திருக்கும் குடியானவர், அவற்றை விறகுக்கென்று வெட்டிவிடாமல் கிளைகளை மட்டும் கழித்துப் பயன்படுத்துவாராயின், தீவனம், உரம், அரப்பு ஆகிய மூன்றும் ஒரே மரத்திலிருந்து ஆண்டுதோறும் கிடைக்கும்.

எண்ணெயும் அதன் பக்குவமும்

தேங்காயெண்ணெயின் சிறப்பு வெறும் நம்பிக்கையன்று. 2003-ஆம் ஆண்டில் இந்திய ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆய்வு ஒன்றில் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மண்ணெண்ணெய் வர்க்கத்தைச் சேர்ந்த கனிம எண்ணெய் ஆகிய மூன்றும் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. குளிக்குமுன்னும் குளித்தபின்னும் முடியிலிருந்து கழியும் புரதத்தைக் குறைப்பதில் தேங்காயெண்ணெய் ஒன்றே பயன் தந்தது. இதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியதாகவும் நேரான அமைப்புடையதாகவும் இருப்பதால் எண்ணெய் இழைக்குள் நுழைந்து, முடி அளவுக்கு மீறித் தண்ணீரை உறிஞ்சி ஊதுவதைத் தடுக்கிறது. எனவே குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்னதாகத் தடவிக்கொள்வதே இதை உபயோகிக்கும் சரியான வழி.

மூலிகை சேர்த்துக் காய்ச்ச விரும்புவோர் 1 லிட்டர் தேங்காயெண்ணெய்க்குக் கரிசலாங்கண்ணி இலை, கறிவேப்பிலை, செம்பருத்திப் பூ ஆகியவற்றை வகைக்கு ஒரு கைப்பிடியும் வெந்தயம் இரண்டு கரண்டியும் சேர்க்கலாம். இலைகளைக் கழுவித் துணியில் பரப்பி, மேலீரம் போனபின் அரைத்து, எண்ணெயில் கலந்து சிறுதீயில் காய்ச்ச வேண்டும். பாத்திரத்தில் பாதிக்குமேல் எண்ணெய் இருத்தலாகாது. இலையின் ஈரம் பொங்கி அடுப்பில் வழிந்தால் தீப்பற்றும். சலசலப்பு அடங்கி, அடியில் நிற்கும் கசடு கைவிரலால் உருட்டினால் மணலைப்போல உதிரும் பதத்தில் இறக்க வேண்டும். சிறு பஞ்சுத் திரியை எண்ணெயில் தோய்த்துக் கொளுத்தினால் வெடித்துச் சடசடக்காமல் அமைதியாக எரியவேண்டும். சடசடத்தால் இன்னும் நீர் இருக்கிறது என்பது பொருள். நீர் எஞ்சிய எண்ணெய் விரைவில் காறிப் பூசணம் பூக்கும். ஆறியபின் வடிகட்டி, உலர்ந்த புட்டியில் வெளிச்சம் படாமல் வைத்தல் வேண்டும்.

இவ்வெண்ணெய் மணமுடையது, முடியைக் காப்பது. ஆயின் வழுக்கையில் முடி முளைக்கச் செய்யும் என்று எதிர்பார்த்தல் கூடாது. பொடுகு உள்ளவர் எண்ணெயைக் குறைத்துக்கொள்வதே நலம். பொடுகுக்குக் காரணமான நுண்ணிய பூஞ்சணம் தலையின் எண்ணெய்ப் பசையைத் தின்றே பெருகுகிறது. எண்ணெயைத் தோலில் ஊறவிட்டால் அதற்கு உணவளித்ததாக முடியும். பொடுகுக்கு எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போவதும் தவறு. அச்சாறு பட்ட தோலில் கடும் வெயில் பட்டால் கொப்புளமும் கருமையும் உண்டாகும். இரண்டு வாரத்தில் குறையாத பொடுகுக்கும், வட்ட வட்டமாக முடி கொட்டுவதற்கும் மருத்துவரையே நாட வேண்டும்.

வழவழப்புத் தரும் பூச்சுகள்

வெந்தயம், செம்பருத்தி இலை, சோற்றுக்கற்றாழை ஆகியவற்றில் உள்ள கொழகொழப்பான பொருள் எழும்பிய செதில்களின் மேல் படிந்து, சீப்பு எளிதாக ஓடும்படி செய்கிறது. இரண்டு கரண்டி வெந்தயத்தை இரவில் ஊறவைத்துக் காலையில் மையாக அரைத்து, தலைத்தோலில் அல்லாமல் முடியின் நீளத்தில் தடவி, அரை மணி நேரம் கழித்து அலசினால் போதுமானது. கற்றாழை மடலை வெட்டியவுடன் வடியும் மஞ்சள் நிறப் பால் தோலில் அரிப்பு உண்டாக்கும். ஆதலால் மடலை நிமிர்த்தி வைத்து அது வடிந்தபின் உள்ளிருக்கும் சோற்றை மட்டும் எடுத்துக் கழுவி உபயோகிக்க வேண்டும். முட்டையைப் பூசினால் குளிர்ந்த நீராலேயே அலச வேண்டும். வெந்நீர் பட்டால் அது முடியிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும்.

ஈரமான பூச்சு எதுவாயினும் அன்று செய்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். மீந்ததை வைத்திருந்து மறுவாரம் பூசுவது நுண்கிருமிகளைத் தலையில் பூசுவதற்குச் சமம். புதிதாக ஒரு பொருளை உபயோகிக்குமுன் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒருநாள் பார்த்துக்கொள்வது நல்ல முன்னெச்சரிக்கை.

நரைக்கு மருதாணி இலையை அரைத்துப் பூசலாம், செந்நிறம் ஏறும். கருநிறம் வேண்டுவோர் அதன்மேல் அவுரி இலைத் தூளைக் குழைத்துப் பூசுவதுண்டு. ஆனால் கடைகளில் கருமருதாணி என்று விற்கப்படும் சரக்குகள் பலவற்றில் ரசாயனச் சாயம் கலந்திருக்கிறது. அதனால் சிலருக்கு முகம் வீங்கிக் கொப்புளங்கள் உண்டாகின்றன. பச்சை இலையை அரைத்தால் கருநிறம் வராது என்பதை நினைவிற் கொண்டால் ஏமாற வேண்டுவதில்லை.

பேனுக்குப் பயிர்மருந்து வேண்டாம்

இக்கட்டுரையில் மிக முக்கியமாகக் கவனிக்கத்தக்கது இப்பகுதியே. அறுவடை வீடுகளில் தெளிப்புக்குப் பின் புட்டியின் அடியில் பூச்சிமருந்து சிறிது மிஞ்சுவது உண்டு. பூச்சியைக் கொல்லும் மருந்து பேனையும் கொல்லும் என்று எண்ணி, அதை எண்ணெயில் கலந்தோ தண்ணீரில் கரைத்தோ குழந்தைகளின் தலையில் தடவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது பேனைப் போக்கும் வழியன்று. குழந்தையை இழக்கும் வழி.

தலைத்தோல் இரத்த ஓட்டம் மிகுந்தது. அதன் வழியாக நஞ்சு எளிதில் உடலுக்குள் செல்லும். எண்ணெயில் கலந்தால் இன்னும் எளிதாகச் செல்லும். சொறிந்து புண்ணான தலையாயின் சொல்ல வேண்டுவதில்லை. பாஸ்பரஸ் வர்க்கத்துப் பூச்சிமருந்துகள் நரம்புகளின் இயக்கத்தைக் குலைப்பவை. வாயில் எச்சில் ஒழுகுதல், மிகுந்த வியர்வை, வாந்தி, கண்மணி ஊசிமுனைபோலச் சுருங்குதல், தசை துடித்தல், மூச்சுத் திணறல் ஆகியவை அந்நஞ்சின் குறிகள். இவற்றுள் எது கண்டாலும், குறி தோன்றுமுன்னரே மருந்து தடவியது தெரிந்தாலும், நனைந்த துணியை அகற்றி, தலையையும் உடலையும் சவர்க்காரமிட்டு மிகுந்த தண்ணீரால் கழுவி, உடனே 108 ஊர்தியை அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கழுவுகிறவர் கையுறையோ பிளாஸ்டிக் பையோ கையில் அணிந்துகொள்ளுதல் வேண்டும். மருந்துப் புட்டியைச் சீட்டுடன் எடுத்துச் செல்லுதல் மிக அவசியம். இன்ன மருந்து என்று தெரிந்தால்தான் வைத்தியர் ஏற்ற மாற்று மருந்தைத் தாமதமின்றிக் கொடுக்க இயலும்.

மண்ணெண்ணெய் தடவுவதும் தகாது. தோல் வெந்துபோவதோடு அடுப்பருகில் சென்றால் தலை தீப்பற்றும். எண்ணெயில் கர்ப்பூரத்தை மிகுதியாகக் கலந்து சிறு குழந்தைகளுக்குத் தடவினால் வலிப்பு வரக்கூடும். சீத்தாப்பழ விதையை அரைத்துப் பூசுவது பேனைக் கொல்லுமெனினும், அதன் சாறு கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகிப் பார்வை கெடும். வீட்டுப் பொருள் என்பதனாலேயே ஒன்று தீங்கற்றதாகிவிடாது.

பேனின் வாழ்க்கையை அறிந்தால் நஞ்சு வேண்டியதேயில்லை. ஈர் 7 முதல் 10 நாளில் பொரிக்கிறது. பொரித்த குஞ்சு மேலும் 9 முதல் 12 நாள் கழித்தே முட்டையிடும் பருவம் அடைகிறது. தலையை விட்டு விழுந்த பேன் இரண்டு நாளுக்குமேல் உயிர்வாழாது. ஆகவே முடியை எண்ணெயாலோ வெந்தயப் பூச்சாலோ நன்றாக நனைத்து, சிக்கெடுத்து, பல் நெருக்கமான பேன்சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வகிடு வகிடாக வாரி, ஒவ்வொரு வாரலுக்கும் சீப்பை வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். மூன்று நாளைக்கு ஒரு முறையாக மூன்று வாரம் இவ்வாறு செய்தால், பொரிக்கும் குஞ்சுகள் முட்டையிடும் பருவத்தை எட்டுமுன் நீங்கிவிடும். களை பூப்பதற்குமுன் பறிப்பதைப் போன்றது இம்முறை. வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒரே நாளில் தொடங்குதல் வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் மறுபடியும் பரவும். வாருவதற்கு இயலாதவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கென்றே உள்ள மருந்தைக் கேட்டுப் பெறலாம்.

கிராம அதிகாரிகளும் பள்ளி ஆசிரியர்களும் இதனை ஊர்க் கூட்டங்களில் எடுத்துச் சொல்லுதல் மிகவும் பயன் தரும். பயிர்மருந்தைப் பூட்டிய பெட்டியில் வைத்தல், எண்ணெய்ப் புட்டியிலோ குடிநீர்ப் புட்டியிலோ ஊற்றி வைக்காதிருத்தல், காலிப் புட்டியை வீட்டு உபயோகத்திற்கு எடுக்காதிருத்தல் ஆகிய மூன்றும் ஒவ்வொரு குடும்பமும் கைக்கொள்ள வேண்டிய விதிகள்.

நிலமுடையோர் செய்யத்தக்கவை

மேலே சொன்ன பொருள்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி நிலம் வேண்டுவதில்லை. செம்பருத்தியும் மருதாணியும் வீட்டு வேலியாக வளரும். கறிவேப்பிலையும் கற்றாழையும் குளிக்கும் தண்ணீர் ஓடுமிடத்தில் வளர்த்தால் போதும். சவர்க்காரத் தண்ணீர் மிகுதியாகத் தேங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். வெட்டிவேர் வரப்பில் நட்டால் மண் அரிப்பைத் தடுக்கும். சிகைக்காய் முள்ளுள்ள பெருங்கொடியாதலால் தோட்டத்துக்கு உயிர்வேலியாக ஏற்றது. கரிசலாங்கண்ணி ஈரமுள்ள வாய்க்கால் ஓரங்களில் தானே முளைப்பது. ஆயினும் களைக்கொல்லி தெளித்த வயலோரத்தில் முளைத்ததைப் பறித்தலாகாது.

மகளிர் குழுக்கள் இத்தூளையும் எண்ணெயையும் விற்பனைக்குச் செய்ய விரும்பினால், 1940-ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகுப்பொருள் சட்டமும் 2020-ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளும் வேண்டும் உரிமத்தை முன்னதாகப் பெறுதல் வேண்டும். வீட்டு உபயோகத்திற்குச் செய்துகொள்வதற்கு அத்தகைய தேவை இல்லை.

சுருங்கக் கூறின், தேங்காயெண்ணெய் காக்கும். சிகைக்காயும் அரப்பும் அழுக்கை நீக்கும். வெந்தயமும் செம்பருத்தியும் வழவழப்புத் தரும். வளர்ச்சியோ உண்ணும் உணவிலிருந்தே வரும். பேனுக்குச் சீப்பே மருந்து. வயலுக்கு வாங்கிய நஞ்சு வயலோடு நிற்கட்டும். இவ்வளவையும் மனத்திற்கொண்டு குடியானவர்கள் தங்கள் வேலியிலும் அடுக்களையிலும் உள்ளவற்றை முறையறிந்து பயன்படுத்துவார்களாயின், கைப்பொருளும் மிஞ்சும், வீட்டிலுள்ள சிறுவர் சிறுமியரும் தீங்கின்றி நலமுடன் வளர்வார்கள்.